அத்தை வழி ரத்தம்

மகனே, நைனா எழுதுகிறேன். போன் செய்தால் பாதியில் வைத்துவிடுகிறாய். குரலைப் பதிந்து அனுப்பினால் அதை வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று உன் பெண்டாட்டி ரேவதி சொன்னாள். காகிதத்தை அப்படி ஓடவிட முடியாது, அதனால் எழுதுகிறேன். நேற்று நானும் அவளும் திருப்பதிக்குப் போய் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தோம். ஆஸ்பத்திரி கேன்டீனிலிருந்தே உனக்குப் பேசினேன். உன் ரத்தமும் வேண்டுமாம் என்று நான் சொன்னதும், "எனக்கு எதுக்கு?" என்று கேட்டாய். பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. பெங்களூரில் சிக்னல் சரியில்லை என்று நம்புகிற வயசை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். உன் கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளமானது. எங்கேயாவது உட்கார்ந்து நிதானமாகப் படி.

இதை நான் ஒளித்து மறைத்து எழுதவில்லை. ரேவதியும் படிப்பாள். பெண்டாட்டிமேல் உசிரை வைத்துக்கொண்டு அதைக் கத்திக் காட்டுகிற பிள்ளைகள் ஊரில் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் படித்தாலும் எனக்குச் சம்மதம்தான். வெட்கப்படக்கூட இப்போது எனக்குத் தெம்பு இல்லை. பங்காருபாளையத்தில் பஸ் ஏறி, சித்தூரில் இறங்கி, மறுபடி திருப்பதி பஸ் ஏறி, அதே மாதிரி திரும்பி வந்ததில் முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. தோப்பில் வேலை போட்டது போட்டபடி இருக்கிறது. உடம்பு அலுப்பு ஒரு பக்கம். பெண்களின் வயிற்றுவலி சமாசாரத்தை, பேரன் எடுக்க வேண்டிய வயசில், பெற்ற மகனுக்கு உட்காரவைத்து விளக்க வேண்டியிருக்கிறதே என்கிற அலுப்பு இன்னொரு பக்கம். உன் அம்மா இருந்திருந்தால் இரண்டு அதட்டலில் உன்னை வழிக்குக் கொண்டுவந்திருப்பாள். எனக்கு அந்த வித்தை தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பதுதான்.

ரேவதி நம் வீட்டுக்குப் புதிதாக வந்த பெண்ணா? உன் தாய்மாமன் மகள். பள்ளிக்கூட லீவு விட்டால் குடுபல்லியிலிருந்து வந்து நம் தோப்பில் கிளிமூக்கு மாங்காயை உப்பும் மிளகாயும் வைத்துத் தின்று, வயிற்றுப்போக்கு வந்து, உன் அம்மாவிடம் முதுகில் அடி வாங்கினவள். அவள் பிறந்தபோதே "எங்கண்ணன் பொண்ணு எனக்குத்தான்" என்று உன் அம்மா சொல்லிவைத்தாள். உன் அம்மா போன பிறகும் உன் மாமா அந்தப் பேச்சை மறக்கவில்லை. தங்கச்சி கேட்டது என்று சொல்லித்தான் உனக்குக் கட்டிக்கொடுத்தார். கல்யாணமான மறு வருஷமே மாரடைப்பில் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் இப்போது அந்தப் பெண்ணுக்கு வாய் திறந்து பேச ஆள் யார் என்று பார்த்தால், முழங்கால் வீங்கின இந்தக் கிழவன்தான்.

வயசுக்கு வந்ததிலிருந்தே அவளுக்கு அந்த வலி. கல்யாணம் ஆனால் சரியாகும் என்றார்கள். ஆயிற்று. குழந்தை பிறந்தால் சரியாகும் என்றார்கள். பிறக்கவில்லை. உங்கள் கல்யாணத்தன்று சித்தூர் மண்டபத்தில் மணவறையிலிருந்து எழுந்தபோது அவள் உன் கையைப் பிடித்தாளே, ஞாபகம் இருக்கிறதா? ஆசையில் பிடிக்கிறாள் என்று உன் சிநேகிதர்கள் விசில் அடித்தார்கள். நீயும் இளித்தாய். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவள் வேலை பார்க்கிற கிராமச் சச்சிவாலய ஆபீசில் பயிர்ப் பதிவுக்குக் குடியானவர்கள் வரிசையில் நிற்பார்கள். இவள் மேசைக்கு அடியில் சுடுதண்ணீர்ப் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருப்பாள். மாசாமாசம் லீவு கேட்டால், எங்களுக்கெல்லாம் வரவில்லையா என்று கூட வேலை செய்கிற பெண்களே முகத்தைச் சுளிப்பார்களாம். வலி என்பதை இத்தனை பேரிடம் நிரூபிக்க வேண்டியிருந்தால் யாருக்கும் சலித்துப்போகும். அவளுக்கும் சலித்துப்போயிருந்தது.

கடைசியில் சித்தூரில் ஸ்கேன் எடுத்தபிறகுதான் பெயர் தெரிந்தது, எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பைக்குள் மாசாமாசம் வளர்ந்து உதிர்கிற சவ்வு இருக்கிறதே, அது மாதிரியான ஒன்று வெளியே சினைப்பைமேலும் குடல்மேலும் ஒட்டிக்கொண்டு வளர்கிறது. உள்ளே வளர்வது மாதவிலக்கில் வெளியேறிவிடும். வெளியே ஒட்டினது எங்கே போகும்? அங்கேயே கசிந்து, புண்ணாகி, பக்கத்தில் இருப்பதையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. இவளுக்கு இடது சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கி ஒரு கட்டியே ஆகியிருந்தது. அதற்குச் சாக்லேட் கட்டி என்று பெயராம். பெயர் வைத்தவனுக்கு வயிறு வலித்திருக்காது. நோய்க்குப் பெயர் கிடைத்த அன்று ரேவதி அழுதாள். பயந்து அழுகிறாள் என்று நீ நினைத்தாய். இத்தனை வருஷம் நான் நடிக்கவில்லை என்று தெரிந்துவிட்டதே என்று அழுததாக என்னிடம் பிறகு சொன்னாள்.

அப்புறம் ஆனி மாசம் காய் இறக்க லீவு போட்டு வந்தாய். மாம்பழக் கூழ் பேக்டரி வாசலில் டிராக்டர்கள் ரோடு வரைக்கும் நின்றன. வெயிலில் காய் வதங்க, நாம் டிரெயிலர் நிழலில் உட்கார்ந்திருந்தோம். நீ போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். உன் முகம் மாறியதை நான் கவனித்தேன்.

"நைனா, இத பாரு. இவளுக்குக் கீறது கேன்சர்ல கொண்டுபோய் வுடுமாம்."

"யார் சொன்னது?"

"போன்ல போட்டுக்கீறாங்க நைனா. சினைப்பைக் கேன்சர்."

வரிசை நகர்ந்தபோது நீ டிராக்டரை முன்னால் எடுக்கக்கூட இல்லை, பின்னால் இருந்தவன் தெலுங்கில் திட்டினான். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றுகொண்டு அவளிடம் சொன்னாய்: "எல்லாத்தயும் எடுத்துடு. கர்ப்பப்பை, முட்டைப்பை, ஒண்ணும் வாணாம். எனக்குக் கொயந்த வாணாம். நீ இருந்தா போதும்."

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "எனக்கு வாணும்னா?"

"அப்ப நான் இந்த வூட்டுக்கே வரமாட்டேன். இன்னொரு தபா என்னால தூக்க முடியாது."

நீ யாரைப் பற்றிப் பேசுகிறாய் என்று ரேவதிக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்குப் புரிந்தது. உன் அம்மாவுக்கு வயிறு உப்பிக்கொண்டு வந்தபோது வாயு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஓமத் தண்ணீர் குடித்தாள். பசி இல்லை, இரண்டு வாய் தின்றாலே நிரம்பிவிடுகிறது என்றாள். வேலூருக்குப் போய்ச் சேர்ந்தபோது சினைப்பையில் தொடங்கி வயிறு முழுக்கப் பரவியிருந்தது. நீ டிப்ளமா கடைசி வருஷம். பரீட்சையை விட்டுவிட்டு வந்து, அவளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து ஆட்டோவுக்கும் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு போவாய். ஒரு நாள் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் நின்று, "நைனா, அம்மா கையில கனமே இல்ல" என்று சொன்னாய். அவளை எடுத்த அன்று நீ அழவில்லை. மறுநாள் காலையிலேயே கிணற்று மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாய். ரிப்பேர் ஒன்றும் இல்லாத மோட்டார் அது. நான் கேட்கவில்லை. எனக்கும் அன்றைக்கு ஏதாவது பிரித்துப் போட்டால் தேவலாம் போலத்தான் இருந்தது.

ஆகையால் உன் பயத்தை நான் கேலி செய்யவில்லை. செய்தால் என் வாய் வெந்துபோகும். ஆனால் பயம் உன்னுடையது, அறுக்கச் சொல்வது அவள் வயிற்றை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நீ கோபித்துக்கொண்டு பெங்களூருக்கு பஸ் ஏறிவிட்டாய். இங்கே தெருவே வந்து அவளுக்குப் புத்தி சொன்னது. நம் தெருவில் பாதிப் பெண்கள் பையை எடுத்தவர்கள்தானே. பல்லைப் பிடுங்கினது போலச் சொல்வார்கள், "எடுத்துட்டேன், நிம்மதியா கீறேன்" என்று. அதே பெண்கள்தான் நாற்பது வயசுக்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, உடம்பெல்லாம் எரிகிறது என்று ஈரத்துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிகிறவர்கள். ரேவதி எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். அவர்கள் போன பிறகு என்னிடம் வந்து, "மாமா, திருப்பதியில ஒரு டாக்டரம்மா கீறாங்களாம், இதையே பாக்கறவங்க. நான் போறேன். துணைக்கு வர்றீங்களா?" என்று கேட்டாள். மாமனார் துணையாகப் போகிற இடமா அது? இருந்தாலும் சரி என்றேன்.

பஸ்ஸில் பாதிப் பேர் மலைக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் மலையிலிருந்து வந்து வேறு எங்கோ போகிற மொட்டைகள். சந்தன வாசனை. எனக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. ஆஸ்பத்திரியில் ஆண்கள் உட்கார ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். அதில் நான் ஒருவன்தான் நரைத்தவன், மற்றவர்கள் உன் வயசு. எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும் போலிருந்தது. நான் வெளியே இருக்கிறேன் என்று சொல்லித்தான் உட்கார்ந்தேன். நர்ஸ் வந்து, கூட வந்தவர் உள்ளே வாருங்கள் என்றாள். உள்ளே போய், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தபடி மூலையில் உட்கார்ந்துகொண்டேன். டாக்டரம்மாவுக்கு உன் அம்மா வயசு இருக்கும். பேசினதெல்லாம் தெலுங்கு. தமிழில் எழுதுகிறேன்.

ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "என்னம்மா வேணும் உனக்கு?" என்று ரேவதியைக் கேட்டார். அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை, நானும் கேட்டதில்லை. அவள் "வலி போகணும் மேடம். குழந்தை வேணும். கேன்சர் வருமான்னு தெரியணும்" என்றாள்.

டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இங்கே பாரம்மா, உனக்கு இருப்பது கேன்சர் இல்லை. இது கேன்சராகத்தான் மாறும் என்பதும் இல்லை. இந்த நோய் உள்ளவர்களுக்குச் சினைப்பைக் கேன்சர் வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். அது உண்மை, உன் வீட்டுக்காரர் படித்தது பொய் இல்லை. ஆனால் அந்தக் கேன்சரே அபூர்வமாக வருவது. அபூர்வமானது கொஞ்சம் கூடினாலும் அபூர்வம்தான். இந்த நோய் உள்ள பெண்களில் பெரும்பாலோருக்கு அது வாழ்நாளில் வருவதே இல்லை. அதற்காக உன் வயசில் இரண்டு சினைப்பையையும் எடுத்தால் எலும்பு தேயும், இதயத்துக்கும் கெடுதல். கட்டி பெரிதாக இருக்கிறது, மாத்திரைக்கு அடங்கவில்லை. அதை மட்டும் எடுக்கலாம். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பிப் பார்த்துவிடலாம். பிறகு தவறாமல் வந்து காட்டிக்கொண்டிரு."

நான் காலண்டரை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். நம் தோப்பில் மேட்டில் நிற்கிற மரத்துக்குப் பள்ளத்தில் நிற்கிற மரத்தைவிட இடி விழ வாய்ப்பு அதிகம்தான். அதற்காக மேட்டில் இருப்பதையெல்லாம் யாராவது வெட்டுவார்களா? உன்னிடம் இதைச் சொல்லி மடக்க வேண்டும் என்று அப்போதே மனசில் வைத்துக்கொண்டேன். பையனுக்கு நல்லா வேணும், போனைப் பார்த்து ஆட்டம் ஆடினான் என்று எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம்கூட. அது கொஞ்ச நேரம்தான் இருந்தது.

எழுதிக்கொண்டே டாக்டரம்மா கேட்டார்: "குடும்பத்தில் யாருக்காவது சினைப்பையிலோ மார்பிலோ கேன்சர் வந்திருக்கிறதா?"

"மாமியாருக்கு வந்தது மேடம், சினைப்பையில. இறந்துட்டாங்க" என்றாள் ரேவதி.

டாக்டரம்மா சிரித்தார். "மாமியார் கணக்கில் வரமாட்டார் அம்மா. உன் ரத்த சம்பந்தத்தில் கேட்கிறேன்."

ரேவதியும் லேசாகச் சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை, பேசாமல் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் நல்ல சேதியோடு பஸ் ஏறியிருப்போம். எழுந்து நின்றேன். "மேடம், அந்த மாமியார் இவளோட அப்பாவுக்குக் கூடப் பொறந்த தங்கச்சி. ஒரே தாய் வயிறு. மேனரிகம்" என்றேன், நம் முறைக் கல்யாணத்துக்குத் தெலுங்கில் அதுதான் பெயர்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ரேவதி திரும்பி என்னைப் பார்த்தாள். மகனே, அந்த முகத்தை நான் உனக்கு எப்படி எழுதுவேன்? அத்தை என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே வளர்ந்தவள், கல்யாணத்துக்கு அப்புறம் அதே ஆளை மாமியார் என்று எழுதப் பழகிக்கொண்டாள். எல்லா விண்ணப்பத்திலும் எல்லா ஆஸ்பத்திரியிலும் மாமியார் என்றே சொல்லிவந்திருக்கிறோம். முறை வைத்துக் கட்டினோம், சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று பெருமைப்பட்டோம். சொந்தம் விட்டுப்போகாமல் இருப்பது என்றால் என்ன என்று இத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கூட நின்று நோயாளியைத் தூக்கின உனக்கும் தோன்றவில்லை.

டாக்டரம்மா திட்டவில்லை. மெதுவாகச் சொன்னார். இது இரண்டும் இரண்டு விஷயம், ஒன்றாக முடிச்சுப் போடாதீர்கள் என்றார். எண்டோமெட்ரியோசிஸ் தனி. அத்தைக்கு வந்த கேன்சர் தனி. அத்தைக்கு இந்த நோய் இருந்ததா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் சில குடும்பங்களில் பரம்பரையாக ஜீனில் ஒரு கோளாறு இறங்கி வரும். அது இருந்தால் சினைப்பைக் கேன்சர் வருகிற வாய்ப்பு நிஜமாகவே அதிகம். உங்கள் குடும்பத்தில் அது இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். இல்லாமலும் இருக்கலாம், பெரும்பாலும் இல்லாமல்தான் இருக்கும். இருந்தாலும் இன்றைக்கே எல்லாவற்றையும் அறுக்க வேண்டியதில்லை. குழந்தை பெற்று, வயசும் ஆனபிறகு அதைப் பற்றிப் பேச நேரம் இருக்கிறது. அதுவரைக்கும் எப்படிக் கவனித்துக்கொள்வது என்று வழி இருக்கிறது. இப்படி ஒவ்வொன்றாகச் சொன்னார்.

பிறகுதான் அதைக் கேட்டார்: "அந்த அம்மா உயிரோடு இருந்தால் அவரிடமிருந்தே எடுத்திருப்போம். இல்லை. அவருக்கு ரொம்ப நெருங்கின ரத்தம் யார்?"

"இவளோட அப்பா. அவரும் இல்ல" என்றேன்.

"பிள்ளைகள்?"

ரேவதி என்னைப் பார்த்தாள். நான் ரேவதியைப் பார்த்தேன். "ஒரே பையன் மேடம்" என்றாள் அவள். "எங்க வீட்டுக்காரர்."

உன் அம்மாவுக்கு இவள் அண்ணன் மகள், ஒரு படி தள்ளி நிற்கிறாள்; அத்தை மகள் என்று கை தவறி எழுதப் போனேன். நம் முறைகளை எழுதினால் எனக்கே குழம்புகிறது. நீ அந்த வயிற்றில் பிறந்தவன், உனக்கும் உன் அம்மாவுக்கும் நடுவில் ஆளே இல்லை. கோளாறு என்று ஒன்று இருந்திருந்தால் அது உனக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண்பிள்ளைக்குச் சினைப்பை இல்லையே என்று நீ கேட்பாய், நானும் கேட்டேன். தாயிடமிருந்து மகனுக்கும் வரும், அவனிடமிருந்து அவன் பெண்ணுக்குப் போகும், ஆண்களுக்கும் அதனால் சில கேன்சர்கள் கொஞ்சம் கூடுதலாக வரும் என்றார். உன் ரத்தத்தையும் அவள் ரத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் சேதி தெளிவாகக் கிடைக்குமாம். ஆக, "எனக்கு எதுக்கு?" என்று நீ கேட்டதற்குப் பதில் இதுதான்.

ரேவதி அங்கேயே முடிவு சொன்னாள். கட்டியை மட்டும் எடுங்கள், மற்றதெல்லாம் எனக்கு வேண்டும், என் ரத்தத்தை இன்றைக்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். கையெழுத்து போட அவளே பேனாவைக் கேட்டு வாங்கினாள். ஊசி குத்தும்போது நான் வேறு பக்கம் பார்த்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் கேன்டீனில் தயிர்சாதம் வாங்கி இரண்டு பேரும் உட்கார்ந்தோம். பிசைந்தாள், தின்னவில்லை.

"மாமா, அத்த மூஞ்சி எனக்கு அப்படியே கீதுன்னு சின்னதுலேருந்து எல்லாரும் சொல்லுவாங்க. எனக்கு அது அவ்ளோ பெருமையா இருக்கும்" என்றாள்.

"துன்னும்மா" என்றேன்.

"அவரு பயந்துக்கினு கீறாருன்னு எனக்குத் தெரியும் மாமா. அவருக்கு வந்தா பயம், எனக்கு வந்தா பிடிவாதமா? எல்லாத்தயும் எடுத்துடுன்னு சொல்றப்ப ஒரு தபா கூட என் பக்கத்துல குந்திக்கினு சொல்லலயே. நின்னுக்கினுதான் சொன்னாரு."

அதற்கப்புறம்தான் உனக்குப் போன் செய்தேன். நீ வைத்துவிட்டாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு தெரிந்து வருத்தப்படாதே. அவள் சாதத்தை மூடி எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

இப்போது நைனா சொல்வதைக் கேள். உன்னைக் கோழை என்று நான் சொல்லமாட்டேன். அம்மாவைத் தூக்கின கை கோழையின் கை இல்லை. நீ ஒரு தடவை ஒருத்தியைக் காப்பாற்ற முடியாமல் போயிற்று, இந்தத் தடவை முன்கூட்டியே காப்பாற்றிவிட வேண்டும் என்று பறக்கிறாய். ஆனால் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டாய். அவள் வயிற்றில் என்ன இருக்கட்டும், என்ன போகட்டும் என்பது அவள் பேச்சு. நீ கேட்கலாம், அழலாம், உன் பயத்தைச் சொல்லலாம். கட்டளை போடமுடியாது. ஒருவேளை நாளைக்கு ரத்தத்தில் அது இருக்கிறது என்று வந்தாலும் இதே பேச்சுதான். டாக்டரம்மா சொல்வதை அவள் கேட்பாள், யோசிப்பாள், முடிவெடுப்பாள். நீ பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். உன் வேலை அவ்வளவுதான், அது சின்ன வேலையும் இல்லை. நான் உன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், எனக்குத் தெரியும்.

எனக்கும் ஒரு பயம் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். உன் ரத்தம் என்ன சொல்லுமோ என்று நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மா உனக்குக் கொடுத்துவிட்டுப் போனது அந்த மூக்கும் அந்த முன்கோபமும் மட்டும்தானா, வேறு ஏதாவது உண்டா என்றே நினைத்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்துகொள்ளாமல் இருந்தால் இல்லாமல் போய்விடும் என்று நீ நினைப்பது போலவே எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. வாயு என்று நினைத்தபோதும் அப்படித்தான் தோன்றியது.

அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன். புதன்கிழமையே சேர்த்துக்கொள்வார்கள். பெங்களூரிலிருந்து நேராகத் திருப்பதிக்கு பஸ் இருக்கிறது, இங்கே வந்து என்னை அழைத்துப் போக வேண்டாம், நான் முன்னாலேயே அவளோடு போய்விடுவேன். வருவதும் வராததும் உன் இஷ்டம் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. வா.

கடிதத்தை முடிக்கும்போது ரேவதியைக் கூப்பிட்டு, அவள் சார்பில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டது காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நான் பேனாவை மூடப் போனேன்.

"இன்னா மாமா எழுதுறது, ஒண்ணும் எழுத வாணாம்" என்றாள். இன்னொரு துணியை எடுத்து மடித்தாள். "அந்த ரத்தம் குடுக்க வெறும் வயித்தோட வரத் தேவையில்லயாம். பஸ்ஸுல ஒண்ணும் துன்னாம பட்டினியா வந்துடப்போறாரு. துன்னுட்டே வரச் சொல்லுங்க."